பயந்தாங்கொள்ளியின் ஊர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் செய்கிற முதல் வேலை, திண்டுக்கல்லில் வெயில் எவ்வளவு என்று போனில் பார்ப்பது. நான் இருப்பதோ ஹைதராபாத்தில், கொண்டாப்பூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். துணி காயவில்லை என்று என் கணவர் சரவணன் பால்கனியில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். நான் ஹெட்போனை மாட்டி, மைக்கைத் தட்டிப் பார்த்து, "யப்பா, என்னா வெயிலு! வாங்க வாங்க, எல்லாரும் சாப்ட்டாச்சா?" என்று ஆரம்பிப்பேன். அந்தப் பக்கம் இருக்கிற முந்நூற்றுச் சொச்சம் பேரில் பலர், "ஆமாக்கா, இங்கயும் அனல்தான்" என்று எழுதுவார்கள். எனக்கு அப்போது உண்மையிலேயே வியர்க்கும். நம்புங்கள்.

என் சேனலின் பெயர் பயந்தாங்கொள்ளி. வாரநாட்களில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை. ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம், பேய் வீடு, பாழடைந்த பள்ளிக்கூடம், சுரங்கம் என்று வருகிற வீடியோ கேம்களை நேரலையில் விளையாடுவேன். முகம் காட்டுவதில்லை. குரல் மட்டும்தான். விளையாட்டில் நான் கெட்டிக்காரி இல்லை. ஒரு கதவைத் திறக்க எனக்குப் பத்து நிமிடமாகும். திறந்ததும் கத்துவேன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் கத்துவேன். லிப்ட் பாதியில் நின்றால் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம், மேனேஜர் "ஃப்ரீயா?" என்று மெசேஜ் அனுப்பினால் பயம். அப்படிப்பட்டவள் இருட்டு அறைக்குள் போவதைப் பார்ப்பதுதான் மற்றவர்களுக்கு வேடிக்கை. நானும் வேலை நாட்களில் சேர்த்துவைத்த பயத்தையெல்லாம் அங்கே கத்தித் தீர்த்துவிட்டு, திங்கட்கிழமை ஒழுங்காக ஆபீஸ் போவேன்.

கொஞ்ச நாளில், "அக்கா, பணம் அனுப்புறோம், அந்தப் பூட்டின ரூமுக்குள்ள போங்க" என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பணத்தை வாங்கவும் எனக்குப் பயம். "பணமெல்லாம் வேணாம். அவ்வளவு ஆசையா இருந்தா போயி ரத்தம் குடுத்துட்டு வாங்க, ரூமுக்குள்ள போறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தட்டிக்கழிக்கச் சொன்னதுதான். ஆனால் அடுத்த ஞாயிறு தர்மபுரியிலிருந்து ஒருவர் முழங்கை மடிப்பில் ஒட்டிய பிளாஸ்திரியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கீழே, "போங்கக்கா உள்ள" என்று ஒரு வரி. வேறு வழியில்லாமல் போனேன். தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். அப்படி வந்ததுதான் ரத்த ஞாயிறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அவரவர் ஊரில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பிளாஸ்திரிப் படம் அனுப்ப வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு கதவு.

பெரிய சாதனை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை நாற்பது கதவு திறந்திருக்கிறேன். அடுத்த முறை, மரக்கிளை வெட்டுகிறேன் என்று யாரோ இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட, பாதியிலேயே எல்லாம் போயிற்று. இன்னொரு முறை இரண்டே படங்கள். இரண்டும் ஒரே கை. அதே மச்சம். கேட்டதற்கு அந்தத் தம்பி, "உங்களுக்கு வருத்தமா இருக்கும்னுதான்க்கா ரெண்டு தடவ போட்டேன்" என்றான். சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

திண்டுக்கல் பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் குரல் என்று தெரிந்த முதல் வாரமே ஒருவர் "எந்த ஏரியா?" என்று கேட்டார். அடுத்து, "தனியாவா இருக்கீங்க?" என்றார். சட்டென்று, "திண்டுக்கல், அப்பா அம்மா தம்பி எல்லாரும் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க" என்றேன். பிறந்து வளர்ந்தது அங்கேதான் என்பதால் பொய் இல்லை என்றும் வாதாடலாம். முதலில் அது ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். போகப்போக எனக்கு அது பிடித்துவிட்டது. தம்பியிடம் போன் பேசும்போது கரண்ட் எப்போது போயிற்று, பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த ரோட்டைத் தோண்டியிருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வேன். ஞாயிறன்று, "நம்ம ரவுண்டு ரோட்டுல காலைலேர்ந்து ஒரே டிராபிக்கு" என்று அலுத்துக்கொள்வேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இங்கே வந்தவர்களுக்குப் புரியும். வாரம் முழுவதும் "மேடம்", "ஜீ" என்று வாழ்ந்துவிட்டு மூன்று மணி நேரம் ஊரில் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். டிக்கெட் கிடையாது, லீவு கேட்க வேண்டாம்.

இங்கே என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கோ நான் வேறுவிதமாகத் தெரிந்திருந்தேன். ஆரம்பத்தில், ஒரு ஞாயிறு மாலை அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு ராஜேஸ்வரி ஆன்ட்டி நின்றிருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏமைந்தம்மா? அந்தா ஓகேனா?" என்றார். என்ன ஆயிற்று, எல்லாம் சரிதானே என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. கண் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. உள்ளே சரவணன் கையில் தோசைக் கரண்டியோடு நின்றிருந்தார். "கேம், ஆன்ட்டி. ஹாரர் கேம். ஐ ஷவுட்" என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தை அழுத்திவிட்டுப் போனார். அவருடைய போன் எண். அடி வாங்குகிற பெண்கள் எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு மணி அடிக்கும். ஒரு கிண்ணத்தில் கோங்குரா பச்சடியோ புளிஹோராவோ இருக்கும். என் முகத்தை, கையை, கழுத்தை ஒரு பார்வை பார்ப்பார். சரவணனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். "நான் தோசதானடி ஊத்துனேன்" என்று சரவணன் மாதக்கணக்கில் புலம்பினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது போன மழைக்காலத்தில் ஒரு நாள், விளையாட்டில் ஒரு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல, "வெயில்ல மண்ட காயுது" என்று சொல்லியிருந்தேன். அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்தது. "கொண்டாப்பூர்ல மழை பெய்யுதே?" பெயருக்குப் பதிலாக வெறும் எண்கள். அந்த வரி மேலே நகர்ந்து மறைந்துவிட்டது. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. நான் கத்தவில்லை. அன்றைக்கு மட்டும் சத்தமே வரவில்லை. "நெட்டு சரியில்ல" என்று சொல்லி நிறுத்திவிட்டு, எழுந்து போய்க் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன்.

அடுத்த சில வாரங்கள் நான் வாழ்ந்தது வாழ்க்கையே இல்லை. லிப்டில் பக்கத்தில் நிற்பவர் தமிழ் முகமா என்று பார்ப்பேன். சாமான் கொண்டுவருபவர்களிடம் பையை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, லிப்ட் இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பேன். எப்படித் தெரிந்தது என்று பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஐந்தாவது பதிவில் கிடைத்தது. நான் பேய்க்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கிறேன். அந்த நிசப்தத்தில், கீழே தெருவில் போகிற ஆட்டோவின் ஒலிபெருக்கி, நாளைக்குக் கொண்டாப்பூர் பகுதியில் தண்ணீர் வராது என்று தெலுங்கில் கணீரென்று சொல்லிக்கொண்டு போகிறது. ஊரில் இருந்து கேட்டவர்களுக்கு அது ஏதோ இரைச்சல். எனக்கு? இங்கே வந்த முதல் வருடம் அந்த ஆட்டோ வந்தால் எட்டிப் பார்ப்பேன். நாலு வருடத்தில் காது அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. ஒரு ஊர் நமக்குப் பழகிவிட்டது என்பதை இப்படியா தெரிந்துகொள்ள வேண்டும்?

சேனலை மூடிவிடு என்றார் சரவணன். மூட மனம் வரவில்லை. ஜன்னல்களை அடைத்து, கம்பளியைத் தொங்கவிட்டு, புழுக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். இப்போது வியர்ப்பதற்குத் திண்டுக்கல் வெயில் தேவைப்படவில்லை.

அடுத்த ரத்த ஞாயிறுக்குத் தேதி அறிவித்திருந்தேன். அதற்கு முந்தைய புதன்கிழமை சரவணனுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்கால ஹைதராபாத்தில் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஞாயிறு காலை பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. மருத்துவர் இளம் பெண். நிதானமான ஆங்கிலத்தில், பிளேட்லெட் பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது, சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்றார். ரத்த வங்கியில் இருப்பு இல்லை. ஊர் முழுக்க டெங்கு. ஆளைக் கூட்டி வந்தால் இயந்திரத்தில் உட்காரவைத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். பி பாசிட்டிவ் ஆள் வேண்டும். ஒருவர் போதும், ஆனால் நாலைந்து பேரை வரச்சொல்லுங்கள், பாதிப்பேர் சோதனையில் தேற மாட்டார்கள் என்றார். மணி பதினொன்று.

நான் ஓ நெகட்டிவ். ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியனிடம் அதைச் சொன்னேன். ஓ நெகட்டிவ் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமே என்று நேரலையில் நானே பெருமையடித்திருக்கிறேன். பிளேட்லெட்டுக்குக் கணக்கு வேறு, உங்களுடையது அவருக்குச் சரிவராது என்றார். அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. கணவர் மேலே ரத்தம் துப்பிக்கொண்டு கிடக்கிறார், என் கையில் ஊசி ஏறாது என்று எனக்கு நிம்மதி. இதை எழுதக் கூசுகிறது. ஊரையெல்லாம் ரத்தம் கொடுக்கச் சொன்ன நான் ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை. யாராவது கேட்டால், "அடுத்த மாசம்" என்று சிரித்து மழுப்புவேன்.

யாரைக் கூப்பிடுவது? திண்டுக்கல் என்றால் தம்பி ஒரு போன் போட்டால் அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பத்து பைக் நிற்கும். இங்கே என் போனில் இருந்த பெயர்கள் எல்லாம் ஆபீஸ் பெயர்கள். நால்வர் வெளியூரில். ஒருவருக்குப் போன வாரம்தான் டெங்கு. இன்னொருவர், "லெட் மீ செக்" என்று சொல்லி வைத்தார். ராஜேஸ்வரி ஆன்ட்டிதான் காரில் என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய், கொடுக்க முடியாது. ஆனால் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டார், கவுண்டர் கவுண்டராகப் போய் தெலுங்கில் சண்டை போட்டார். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. செவிலியர் வந்து, "டோனர் தொரிகாரா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆள் கிடைத்ததா என்கிறார்.

மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது. 'உங்கள் நேரலை தொடங்கும் நேரம்' என்று நானே வைத்திருந்த நினைவூட்டல். முந்நூறு பேர் காத்திருப்பார்கள். அதில் யாராவது ஒருவர் ஹைதராபாத்தில் இருக்க மாட்டாரா? ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவருக்குப் பயந்துதான் நான் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து நேரலையைத் திறந்தேன். முகம் தெரிந்தது. மறைக்கத் தோன்றவில்லை. "நான் திண்டுக்கல்ல இல்லங்க. ஹைதராபாத்ல இருக்கேன். நாலு வருஷமா இங்கதான் இருக்கேன். என் வீட்டுக்காரருக்கு டெங்கு. பி பாசிட்டிவ் பிளேட்லெட் வேணும். அஞ்சு மணிக்குள்ள வேணும்" என்றேன். அரட்டைப் பெட்டி ஓடியது. சிரிப்புப் பொம்மைகள். "வேற லெவல் ஆக்டிங்கா!" "புது கேமா இது?" "முகத்த காட்டிட்டாங்கடோய்." "அப்ப அந்த ரவுண்டு ரோடு டிராபிக்கு?" இத்தனை காலம் என் பயத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவர்கள் அவர்கள். நான்தான் பழக்கினேன். "ஐயோ, இது வெளையாட்டு இல்லங்க, நெசமாத்தான்" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது அந்த எண்கள் வந்தன. "எந்த ஹாஸ்பிடல் அக்கா?"

சொன்னால் நான் எங்கே இருக்கிறேன் என்று முந்நூறு பேருக்கும் தெரியும். பதிவு போகிற இடமெல்லாம் போகும். சொல்லாவிட்டால் மேலே மூன்றாவது மாடியில் ஈறிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருக்கும். சொன்னேன். ஆஸ்பத்திரி பெயர், தெரு, மாடி, என் போன் எண் எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னேன். சொல்லி முடித்ததும் உடம்பில் துணியே இல்லாததுபோல இருந்தது.

முதலில் வந்தது ஒரு பெண். போலாரத்திலிருந்து, நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்திருந்தாள். பின்னால் அவள் அண்ணன். "நான்தான் அக்கா அந்த நம்பர் அக்கவுண்ட். லாவண்யா. கொண்டாப்பூர்ல மழையான்னு கேட்டேனே" என்றாள். நான் இரண்டு படி பின்னால் போய்விட்டேன். அவள் முகம் சுருங்கியது. "பயந்துட்டீங்களா? ஹவ், எங்க அண்ணன் அப்பவே சொன்னான். எங்கப்பா டிபென்ஸ்ல இருந்தாரு, நான் பொறந்ததே இங்கதான். தமிழ்ல பேசறவங்க ஒருத்தர் இதே ஊர்ல இருக்காங்கன்னு தெரிஞ்சதும் குஷி ஆயிட்டேன். நீங்க பதிலே சொல்லல, அதான் நானும் விட்டுட்டேன்" என்றாள். ஆமாம் என்பதற்கு அவள் சொன்ன அந்த 'ஹவ்' எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. இத்தனை வாரம் நான் தாழ்ப்பாள் போட்டது இந்தப் பெண்ணுக்காகவா? அழுகை வந்தது. "டென்ஷன் நக்கோ அக்கா, நக்கோ" என்று, வேண்டாம் என்பதை இந்த ஊர்ப் பேச்சில் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு நரம்பு மெல்லியது, இயந்திரம் தாங்காது என்றார்கள். அவள் அண்ணன் போன மாதம் பச்சை குத்தியிருந்தார், ஆகாது. ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்தார். வயது முப்பது இருக்கும். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொன்னார். "மா நானகாரிதி தஞ்சாவூரு" என்றார், அப்பா தஞ்சாவூர்க்காரராம். அவர் தேறினார். நாலரை மணிக்கு அவரை இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். என் உயிர் அந்தக் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரர். அவரும் தேறினார். மறுநாளுக்கான இரண்டாவது பை அவருடையதுதான். ஆனால் பேசும்போது ரொம்பக் கிட்டே வந்து நின்றார். என்னைக் கேட்காமல் படமெடுத்தார். "நேர்ல இன்னும் நல்லா இருக்கீங்க" என்றார். ராஜேஸ்வரி ஆன்ட்டி எங்கிருந்தோ வந்து எங்களுக்கு நடுவே நின்றுகொண்டார். அந்த ஆளிடமிருந்து இன்றுவரை தினமும் மெசேஜ் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் என்றைக்கோ தடை செய்திருப்பேன். சரவணன் உடம்பில் ஓடுவது அவர் கொடுத்தது. விரல் போகவில்லை. தெருவில் நடக்கும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பிளேட்லெட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. சரவணன் கண்ணைத் திறந்து, "தோச வேணும்" என்றார். ராஜேஸ்வரி ஆன்ட்டி முதல் முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குத்தான் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சேனலுக்கு வந்து குவிந்திருந்த தனிச் செய்திகளைத் திறந்தேன். மன்னிப்பு கேட்டவர்கள், திட்டியவர்கள், "இவ்வளவு நாள் ஏமாத்திட்டீங்களே" என்றவர்கள். கீழே போகப்போக, ஞாயிறுக்கு முந்தின நாள் பெயர் போடாத ஒரு பெண் அனுப்பியிருந்த செய்தி. அந்தச் சனிக்கிழமை சரவணனுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. நான் போனைத் திறக்கவே இல்லை.

"அக்கா நான் உங்க வீடியோ எல்லாம் பாப்பேன். நாகல் நகர்ல இருக்கேன். என் தங்கச்சிய டெலிவரிக்குச் சேத்திருக்கோம். ரத்தம் நெறையா போயிருச்சு. ஓ நெகட்டிவ் எங்கயும் கிடைக்கல. நீங்க ஓ நெகட்டிவ்னு சொன்னீங்கள்ல. நம்ம ஊருதானக்கா நீங்க. எங்கன்னு சொன்னா நானே ஆட்டோ கொண்டுட்டு வர்றேன்."

அது காலை பத்து மணிக்கு. பதினொன்றரைக்கு, "அக்கா பாத்தீங்களா?" ஒரு மணிக்கு, "அக்கா". அதன் பிறகு ஒன்றும் இல்லை.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாகல் நகர் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்தப் பெண் மூன்று மணி நேரம் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஊரில் ஓ நெகட்டிவ் ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பி, அந்த நேரத்தில் வேறு எங்கும் தேடாமல் இருந்தாளோ? நான் பதில் எழுதினேன். தங்கச்சி எப்படி இருக்கா என்று எழுதினேன். மன்னிச்சிரும்மா என்று எழுதினேன். என் எண்ணை எழுதினேன். பதில் இல்லை. தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "பேரு என்னாக்கா?" என்றான். தெரியாது. "எந்த ஆஸ்பத்திரி?" தெரியாது. "அப்ப யாருன்னு போயிக் கேக்குறது? பெரியாஸ்பத்திரில கேட்டுப் பாக்குறேன்" என்று கிளம்பினான். அரைமணி நேரம் கழித்து, சனிக்கிழமை மட்டும் அங்கே பல பிரசவம், பெயர் இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றான்.

நான் எழுந்து கீழே ரத்த வங்கிக்குப் போனேன். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே மேலே உட்கார்ந்திருப்பதுதான் இதைவிடப் பயமாக இருந்தது. "ஓ நெகட்டிவ். எடுத்துக்குங்க" என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பூர்த்தி செய்யப் படிவம் கொடுத்தார்கள், விரலில் குத்திப் பார்த்தார்கள், படுக்கச் சொன்னார்கள். "பெஹலி பார்?" என்று கேட்டார் டெக்னீஷியன், முதல் தடவையா என்று. தலையாட்டினேன். இடது கையில் ஊசி ஏறியபோது நான் கத்தவில்லை. வலது கையில் போன், அந்தச் செய்தி திறந்தபடியே இருந்தது. இந்த ஊரில் யாரோ ஒருவருக்காக என் ரத்தம் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, ரத்தம் நிற்காமல் வர அதை அழுத்தி அழுத்தி விடச் சொன்னார் அவர். நான் அழுத்தினேன். திரையைப் பார்த்துக்கொண்டே, விரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினேன். பை நிறையாமல் நின்றுவிட்டது போலிருக்கிறது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, போனை இறுக்கிக்கொண்டிருந்த என் வலது கையை மெதுவாகத் தட்டினார்.

"வோ ஹாத் நை மேடம்" என்றார், அந்தக் கை இல்லையாம். பந்து இருந்த இடது கையைக் காட்டினார். "யே ஹாத்."